பாதி ரொட்டியும் ஒரு பிளாஸ்டிக் பையும்

நேற்றிரவு நானும் மகள் பாப்பாவும் ஜகார்த்தா நீச்சல் போட்டி முடிந்து மலேசியாவுக்கு, கிள்ளான் வந்து சேர்ந்தோம். இன்று காலை ஆஸ்பத்திரி வார்டுக்குப் போனபோது என் மனைவி தானாகவே எழுந்து உட்கார்ந்து அரை டம்ளர் கஞ்சி குடித்தாள். அவளுக்கு என்ன நடந்தது என்பது இதைப் படிக்கிற உங்களுக்கெல்லாம் தெரியும், மறுபடி சொல்லப்போவதில்லை. ஒவ்வொருவருக்கும் போன் போட்டு நன்றி சொல்லலாம் என்று பார்த்தால் இரண்டாவது வார்த்தையிலேயே தொண்டை அடைத்துக்கொள்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

இந்த வருடம் போட்டிக்குப் போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். அவள்தான் கட்டிலில் கிடந்தபடியே "பாப்பாவக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். தென்கிழக்காசிய வயதுப் பிரிவு நீச்சல் போட்டி வருடத்துக்கு ஒரு தடவைதான். போன டிசம்பரில் நம்ம கோலாலம்பூரிலேயே நடந்தது, அப்போது பாப்பா தேர்வாகவில்லை. இப்போது 2023 ஜகார்த்தா, 14-15 வயதுப் பிரிவு. செனாயானில் இருக்கிற அந்தக் குளத்தில்தான் 2018 ஆசியப் போட்டியில் ஜப்பானின் ரிக்காக்கோ இக்கே ஆறு தங்கம் வாங்கினார், பாப்பா நீந்துகிற 100 மீட்டர் பட்டர்ஃபிளையும் (வண்ணத்துப்பூச்சி நீச்சல்) அதில் ஒன்று. அதற்கப்புறம் ஆறு மாதத்துக்குள் அவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து, மீண்டு, தோக்கியோ ஒலிம்பிக்கிலும் நீந்தினார். இந்தக் கதையை பாப்பா அவள் அம்மாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எத்தனை தடவை சொன்னாள் என்று எனக்குத்தான் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரேஸ் சூட் என்று ஒன்று இருக்கிறது, போட்டியில் போடுகிற இறுக்கமான நீச்சல் உடை. கையில் எடுத்தால் ஏழு வயதுக் குழந்தையின் உடுப்பு மாதிரி இருக்கும், அதற்குள் 14 வயதுப் பிள்ளை முழங்கால்வரை நுழைய வேண்டும், 20 நிமிடமாவது ஆகும். எப்போதும் அம்மாதான் உள்ளே போய் ஏற்றிவிடுவாள். கண்ணாடி, இரண்டு தொப்பி, துண்டு என்று பத்து தடவை சரிபார்த்த நான் இதை மட்டும் யோசிக்கவே இல்லை. டீமில் மற்ற பெண்கள் எல்லாரும் குளத்துப் பக்கம் போயாயிற்று. பெண்கள் அறை வாசலில் நான் நிற்கிறேன். பாப்பா கதவிடுக்கில் தலையை நீட்டி, "அப்பா, தொடைக்கு மேல ஏறல" என்கிறாள், கண் கலங்கியிருக்கிறது. "மெதுவா இழும்மா" என்றேன். வேறென்ன சொல்வது?

பக்கத்தில் ஒரு வியட்நாம் அம்மா ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். மீதி ரொட்டியை என் கையில் வைத்துவிட்டு, அது இருந்த பிளாஸ்டிக் பையை உதறி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை, பேசியிருந்தாலும் எங்களுக்குள் பொதுமொழி எதுவும் கிடையாது. அப்புறம் நடந்தது பாப்பா சொல்லித்தான் தெரியும். காலை நன்றாகத் துடைத்துவிட்டு, பாதத்தில் பையை மாட்டி, சூட்டை அதன்மேல் வழுக்கிவிட்டாராம். துணி கிழிந்துவிடக் கூடாதென்று மோதிரத்தைக் கழற்றிவைத்துவிட்டு, நகம் படாமல் விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றினாராம். நான் வெளியே ரொட்டியைப் பிடித்துக்கொண்டு சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

வேர்த்து வழிய வெளியே வந்தார். "தெரிமா காசே" என்று நன்றி சொன்னேன், பதற்றத்தில் மலாய்தான் வந்தது. சிரித்தார், ரொட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஹீட், அதாவது முதல் சுற்று, தொடங்கும்போதுதான் தெரிந்தது, பக்கத்து லேனில் நின்றது அவருடைய மகள். அந்த 20 நிமிடம் அவர் தன் பிள்ளையோடு இருந்திருக்க வேண்டிய நேரம்! அந்தப் பிள்ளைதான் பாப்பாவுக்கு முன்னால் சுவரைத் தொட்டாள், நான் இரண்டு பேருக்கும் சேர்த்தே கத்தினேன். பாப்பா ஃபைனலுக்குப் போகவில்லை, ஆனால் பிபி போட்டாள். (பெரியம்மா, பிபி என்றால் இதுவரை நீந்தியதிலேயே அவளுடைய நல்ல நேரம். பிரஷர் இல்லை, பயப்படாதீங்க.)

டிக்கெட்டுக்குப் பணம் சேர்த்த கிளப் பெற்றோர்கள், மூன்று ராத்திரி வார்டில் நாற்காலியிலேயே தூங்கிய எதிர்வீட்டு அக்கா, ஒரு மணி நேர வித்தியாசத்தை மறந்து நான் அகால நேரத்தில் கூப்பிட்டும் கோபப்படாத நர்ஸ்மார், விடியுமுன் சோறு கட்டிக்கொடுத்த ஹோட்டல் பையன், என்னைவிட அதிகமாகப் பயந்துபோயிருந்த கோச், எல்லாருக்கும் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் திட்டுங்கள், சேர்த்துவிடுகிறேன்.

இனி எந்தப் போட்டிக்குப் போனாலும் என் பையில் இரண்டு பிளாஸ்டிக் பை இருக்கும். எந்த நாட்டு அப்பாவாக இருந்தாலும் சரி, அந்தக் கதவு வாசலில் முழித்துக்கொண்டு நின்றால் என் மனைவியை உள்ளே அனுப்புவேன். அவளும் சரி என்று சொல்லிவிட்டாள், முதலில் எழுந்து நடக்கட்டும்.

இன்று காலை இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த ரொட்டிய ஒழுங்கா திருப்பிக் கொடுத்தீங்களா?" என்றாள்.

கொடுத்தேன். கொஞ்சம் நசுங்கிப்போயிருந்தது.