மொன்னைக் கத்திக்கு ஒரு கடிதம்

பாம்பன்
மே 22

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தக்காளி நறுக்கப் போய் விரலை நறுக்கிக்கொண்ட கதையைப் படித்து முதலில் சிரித்தேன், அப்புறம் பாவமாகத்தான் இருந்தது. கத்தி ரொம்பக் கூர் என்று அதன்மேல் பழி போட்டிருக்கிறாய். இல்லையப்பா. மொன்னைக் கத்திதான் தக்காளித் தோலில் ஏறாமல் வழுக்கிக் கைக்கு வரும். ஏறவில்லையே என்று நாமும் அழுத்துவோம்.

இங்கே மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-இல் கட்டிப்போட்ட விசைப்படகுகள் ஜூன் 14 வரை அசையாது. நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டு வருவதுதான் மீன், அவர்கள் சொல்வதுதான் விலை. சும்மா கிடக்கிற நேரத்தில் நான் கத்தி தீட்டப் பழகிக்கொண்டேன்.

மகன் வாங்கி அனுப்பிய நல்ல கத்தியைத் தெருவில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்ததுதான் ஆரம்பம். சக்கரத்தில் வைத்து அழுத்தினார், பொறி பறந்தது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. கையில் வாங்கிப் பார்த்தால் நுனியில் நீலம் பாரித்திருக்கிறது. சூடேறி இரும்பின் பதம் போய்விட்டது. ஒரு சீலா மீனை அறுத்து முடிப்பதற்குள் அந்த இடம் மடங்கிப்போனது. உன் தங்கச்சி ஒன்றும் பேசவில்லை. அருவாமனையை எடுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ராமநாதபுரம் போய், கத்தி தீட்டுகிற தண்ணீர்க்கல் ஒன்று வாங்கி வந்தேன். ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000. எண் கூடக் கூடக் கல் நைஸ். ஒரேயடியாக மழுங்கியதற்கு 400, மற்ற நாளில் 1000 போதும். குமிழி நிற்கும் வரை தண்ணீரில் ஊறப்போட்டு, வழுக்காமல் ஈரத்துணிமேல் வைத்துக்கொள். கத்தியைப் படுக்கப் போடாமல் முதுகைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்க வேண்டும், 15-லிருந்து 20 டிகிரி. நாலு சென்டிமீட்டர் அகலக் கத்தி என்றால் முதுகு கல்லிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நிற்கும். சரியாகப் பிடிக்கிறாயா என்று சந்தேகமாக இருந்தால் விளிம்பில் மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டு இரண்டு இழுப்பு இழுத்துப் பார். மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது.

பத்து நாள் வரை எனக்குக் கூர் வரவேயில்லை. இந்தப் பக்கம் இருபது, அந்தப் பக்கம் இருபது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கையில் ஒன்றுமில்லை, மாப்பிள்ளை. ஒரு பக்கத்தைத் தேய்க்கத் தேய்க்க மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு எழும்பும். கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலை முதுகுப் பக்கமிருந்து விளிம்புக்கு வெளியே இழுத்தால் சொரசொரவென்று தட்டும். விளிம்பு நெடுகத் தடவாதே, இன்னொரு விரலும் போய்விடும். அந்தப் பிசிறு அடியிலிருந்து நுனிவரை வந்தால்தான் பக்கம் மாற்றலாம். இரண்டு பக்கமும் முடிந்த பிறகு அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே மாற்றி மாற்றி இழுத்து அதை எடுத்துவிட வேண்டும். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் முதுகு முன்னால் போகிற மாதிரி நாலைந்து இழுப்பு. அன்று அறுத்த தக்காளித் தோலில் கத்தி தன் கனத்திலேயே இறங்கியது. உன் தங்கச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ம்" என்றாள்.

அவளுடைய அருவாமனைக்கு மட்டும் முறை தலைகீழ். அலகு அசையாதே, கல்தான் அதனிடம் போக வேண்டும். அதைத் தொட எனக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று கடைக்காரர் சொன்னதை இந்தக் கரையில் நம்ப முடியாது. அதில் கலந்த குரோமியம் போர்த்தி வைத்திருக்கும் மெல்லிய படலத்தை உப்பு துளைத்துவிடும், ஊசிமுனைப் புள்ளியாகத் துரு பிடிக்கும், விளிம்பில் பிடித்தால் அங்கே கூர் நிற்காது. 1914-இல் திறந்த ரயில் பாலத்தையே அரித்த காற்று இது. மீன் கழுவிய கையோடு கத்தியையும் காவிரித் தண்ணீரில் அலசித் துடைத்துவிடுகிறேன். போர்வெல் தண்ணீர் இங்கே உப்பு. இரும்புக் கத்திக்கு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய்.

கல் இல்லாத உன் வீட்டில் அவசரத்துக்குப் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து வை. அடியில் பளபளப்பு இல்லாத வளையம் இருக்கும், அதில் லேசாக இழு. முழுதாக மழுங்கியதை அது மீட்காது.

ஜூன் 15-க்குப் பிறகு வா. படகு கரைக்கு வந்து மீன் விலை கொஞ்சம் இறங்கியிருக்கும். அந்தக் கத்தியைச் செய்தித்தாளில் நன்றாகச் சுற்றிப் பையின் அடியில் வை, நான் பார்க்கிறேன்.

உன்,
மச்சான்