ஞாயிறு குடும்ப ஜெபம்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். இந்த ஞாயிறு மாலை 6 மணிக்கு 2 தீமோத்தேயு 1-ம் அதிகாரத்தைத் தியானிக்கிறோம். பாட்டி லோவிசாள், அம்மா ஐனிக்கேயாள், பேரன் தீமோத்தேயு என மூன்று தலைமுறையின் மாயமற்ற விசுவாசத்தைப் பவுல் 5-ம் வசனத்தில் நினைவுகூருகிறார். தகப்பனோ கிரேக்கர் (அப்போஸ்தலர் 16:1). தீமோத்தேயு இருந்த லீஸ்திரா ஊரில் யூதரின் ஜெப ஆலயம் இருந்ததாக வேதம் சொல்லவில்லை. பையன் வேத எழுத்துக்களைக் கற்றது பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கும். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது!

பாட்டிமார் கட்டாயம் வாருங்கள். முதல் பக்கத்தில் பிறப்பு, ஞானஸ்நானத் தேதிகள் எழுதிய பழைய குடும்ப வேதாகமம் இருந்தால், அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, எடுத்து வாருங்கள். பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும், கேள்வி கேட்கட்டும். யாரும் அதட்ட வேண்டாம். அப்புறம், சங்கீதம் 78:1-8 வாசிக்க வாலிபர் ஒருவர் தேவை. சனிக்கிழமைக்குள் இங்கேயே பெயர் கொடுங்கள்.