ஆர்வமில்லை என்று எழுதிவிட்டீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் தலையங்கத்தில், உயர்கல்விக்காக அரசு தரும் உதவிகளையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, இத்தனை இருந்தும் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு விண்ணப்பிக்கும் ஆர்வம் இல்லை என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். அரசு மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தோரு ஆண்டுகள் இயற்பியல் நடத்தி 2019-இல் ஓய்வுபெற்றவள் நான். தங்கள் இதழை அதைவிட அதிக காலமாகப் படித்துவருகிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன், அந்த வரியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

2018-ஆம் ஆண்டு பொறியியல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியது தங்களுக்கு நினைவிருக்கும். சென்னைக்குப் பேருந்து பிடித்துப் போய்க் காத்துக்கிடக்கும் செலவு ஏழைகளுக்கு மிச்சமாயிற்று. அதை நான் மறுக்கவில்லை. அந்த ஆண்டு என்னிடம் படித்த ஒரு மாணவனின் கட்-ஆஃப், அதாவது தரவரிசைக்கான மதிப்பெண், 200-க்கு 171. பெற்றோர் இருவரும் செங்கல் சூளையில் வேலை செய்பவர்கள். வீட்டில் இருந்த ஒரே கைபேசி தந்தையுடன் சூளைக்குப் போய்விடும், அங்கே டவர் கிடைக்காது என்பதால், விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த கணினி மையத்துக்காரர் தம்முடைய எண்ணையே அதில் கொடுத்துவிட்டார். மின்னஞ்சல் முகவரியும் அவர் உருவாக்கியதுதான். கடவுச்சொல்லைத் தேர்வு நுழைவுச்சீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்திருந்தார். இட ஒதுக்கீட்டுத் தகவல் வந்தபோது மையம் பூட்டிக்கிடந்தது. அவர் உறவினர் திருமணத்துக்கு வெளியூர் போயிருந்தார். பையன் என்னைத் தேடி வந்து அந்தச் சீட்டை நீட்டியபோது, சட்டைப்பையில் இருந்து வியர்வையில் ஊறிப் பென்சில் எழுத்து பாதி அழிந்திருந்தது. கடைசியில் இருப்பது ஆங்கில ஓ எழுத்தா, பூஜ்யமா என்று தெரியாமல் இருவரும் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தோம். ஒருவழியாக உள்ளே நுழைந்தபோது, இடத்தை உறுதிசெய்ய வேண்டிய கெடு முந்தைய நாளே முடிந்திருந்தது.

அந்தப் பையன், எந்தக் கல்லூரியை முதலில் வைப்பது, எந்தப் பாடப்பிரிவை அடுத்து வைப்பது என்று மூன்று நாள் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கல்லூரிகளின் குறியீட்டு எண்களை நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு எழுதியவன். இன்று திருப்பூரில் ஒரு பின்னலாடைத் தொழிற்கூடத்தில் இருக்கிறான். அவனிடம் இல்லாதது ஆர்வமா, ஐயா?

முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையைத் தலையங்கத்தில் பாராட்டியிருந்தீர்கள். 2010-11 கல்வியாண்டில் அது வந்தபோது வகுப்பில் அறிவித்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அந்தச் சலுகையைப் பெற, தாய், தந்தை, தாத்தா, பாட்டி, உடன்பிறந்தவர்கள் என ஒருவரும் பட்டம் பெறவில்லை என்று சான்று வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் தொடங்கும் அந்த மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், துணை வட்டாட்சியர் என்று படிப்படியாக ஏறிவர வேண்டும். ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் கூலி போகிற வீட்டில் இது எத்தனை நாள் பட்டினி என்பதைத் தாங்கள் அறியாதவர் அல்லர். அந்தச் சலுகை அரசு நடத்தும் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வில் சேருபவர்களுக்கு மட்டுமே என்பதும் தங்களுக்குத் தெரியும், மாணவர்களுக்குத் தெரிவதில்லை. தேர்வு முடிவு வந்த வாரத்திலேயே ஊருக்குள் வரும் தரகர்கள், முதல் பட்டதாரிச் சலுகை உண்டு என்று சொல்லியே, கல்லூரிகள் தாமே நிரப்பிக்கொள்ளும் நிர்வாக ஒதுக்கீட்டில் பெயரைப் பதிந்து, அசல் மதிப்பெண் சான்றிதழையும் கையோடு வாங்கிக்கொண்டு போகிறார்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவுறுத்தியிருக்கிறது. என் மாணவி ஒருத்தியின் சான்றிதழை மீட்க நான் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தேன். நான்காம் முறை, நீங்கள் இந்தப் பெண்ணுக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். ஆசிரியை என்றேன். பெற்றோரை அழைத்துவாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத அந்தத் தாய் அதே அலுவலகத்துக்கு ஏற்கெனவே இரண்டு முறை போய், வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பியவர்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் மருத்துவத்துக்கும் 2021-இல் பொறியியல் முதலான தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. என் பணிக்காலத்தில் வராமல் போயிற்றே என்று ஏங்கினேன். ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. யாரோ சொன்னார்கள் என்று ஆறாம் வகுப்பை மட்டும் கடன் வாங்கித் தனியார் பள்ளியில் படிக்கவைத்த ஒரு கூலித் தொழிலாளிக்கு, அந்த ஓராண்டின் விலை விண்ணப்பம் நிரப்பும் அன்றுதான் தெரியவந்தது. 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண், 2024-இல் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் ஆகிய திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும் பெரிய உதவிதான். ஆனால் அது கல்லூரிக்குள் நுழைந்துவிட்ட பிள்ளைக்கு வரும் பணம். மே மாதம் முதல் கல்லூரி வாசல் வரைக்கும் உள்ள தூரத்தில் அந்தப் பிள்ளைக்குத் துணையாக நடப்பவர் யார் என்பதுதான் என் கேள்வி.

நானும் என் வீட்டில் முதல் பட்டதாரிதான். 1980-களின் தொடக்கத்தில் மேல்நிலைத் தேர்வில் தேறியபோது, விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்றுகூட என் பெற்றோருக்குத் தெரியாது. என் தமிழாசிரியர்தான் என்னையும் அப்பாவையும் பேருந்தில் அழைத்துப்போய், விண்ணப்பத்துக்கும் தாமே பணம் கட்டி, கல்லூரி முதல்வர் அறைக்குள் எங்களோடு வந்து உட்கார்ந்தார். அப்பா அந்த நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தார். அன்று அந்த ஆசிரியர் வரவில்லையென்றால், எனக்கும் ஆர்வமில்லை என்றுதான் யாராவது எழுதியிருப்பார்கள்.

இதைச் சொல்லும்போது, நெடுநாளாக மனத்தில் கிடக்கும் இன்னும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். பொதுத்தேர்வில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-இலேயே கைவிட்டது. தங்கள் இதழோ ஆண்டுதோறும் தனியார் பள்ளிகள் தரும் மாணவர் படங்களைப் பக்கம் பக்கமாக வெளியிட்டுவருகிறது. கல்வி மலரில் வெளிநாட்டுப் படிப்புக்கு நான்கு பக்கம் கிடைக்கிறது. அரசு கலை, அறிவியல் கல்லூரிகளின் சேர்க்கை பற்றி வந்தது இரண்டு வரி, அதுவும் கடைசித் தேதிக்கு முந்தைய நாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதைப் பற்றி நான் எழுதிய கடிதத்தை வெளியிட்டமைக்கு நன்றியுடையேன். ஆனால் பாராட்டியிருந்த முதல் பத்தி மட்டுமே அச்சில் வந்தது. பக்க நெருக்கடி இருந்திருக்கும் என்று அன்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 விழுக்காடு, நாட்டின் சராசரி 28.4 விழுக்காடு என்பதை நானும் பெருமையோடு சொல்பவள்தான். அந்தப் பெருமைக்கு வெளியே நின்றுவிட்ட பிள்ளைகளின் மேலேயே பழியையும் போட வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

தங்களிடம் நான் வேண்டுவது சிறிய உதவி. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஒவ்வொரு இதழிலும் கால் பக்கம் ஒதுக்குங்கள். எந்த விண்ணப்பம் எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது, சாதி, வருமானம், முதல் பட்டதாரி ஆகிய சான்றுகளைத் தேர்வு முடிவு வரும் முன்பே எப்படி வாங்கிவைப்பது, விண்ணப்பத்தில் ஏன் வீட்டாரின் கைபேசி எண்ணையே கொடுக்க வேண்டும், அசல் சான்றிதழை ஏன் எவரிடமும் விட்டுவரக் கூடாது என்பவற்றை எளிய தமிழில் போடுங்கள். எழுத ஆளில்லையென்றால் நானே எழுதி அனுப்புகிறேன், சன்மானம் வேண்டாம். எழுத்து மட்டும் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் பிள்ளைகள் நின்றபடியே படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியை (இயற்பியல்)