ஒரே ஒரு பக்கம்: அந்தமான் சுற்றுலா நடத்தும் சென்னைப் பயண முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலிருந்து அந்தமான் தீவுகளுக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும் பயண முகவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்தவள். திருமணமாகி வந்து 22 ஆண்டுகளாகத் திருவான்மியூரில் வசிக்கிறேன். ஊருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. அக்கா குடும்பம் அங்கேயே இருப்பதால் பொங்கலுக்கோ பங்குனி உத்திரத்துக்கோ ஆண்டுக்கு ஒருமுறையாவது போய் வருவேன். தீவுகளைப் பற்றி உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஹேவ்லாக்குக்கு எத்தனை மணிக்குக் கப்பல், எந்தக் கடற்கரையில் எப்போது தண்ணீர் வற்றும், எந்த மாதத்தில் கடல் கொந்தளிக்கும் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. தெரிந்தவர்கள் என்பதால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

இந்த முறை பங்குனி உத்திரம் முடிந்து திரும்பும்போது, விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனை வரிசையில் எனக்கு முன்னால் சென்னைக் குடும்பம் ஒன்று நின்றது. அப்பா, அம்மா, ஏழெட்டு வயதுப் பையன். பையனின் முதுகுப்பையைத் திறக்கச் சொன்ன காவலர், அதிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்துத் தட்டில் கவிழ்த்தார். கிளிஞ்சல்கள், சோழிகள், விரல் நீளத்துக்கு இரண்டு பவளத் துண்டுகள், நெல்லிக்காய் அளவில் நான்கைந்து சங்குகள். கொண்டுபோகக் கூடாது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சங்குகளில் ஒன்று கால்களை நீட்டித் தட்டின் விளிம்பை நோக்கி நடக்கத் தொடங்கியது. பையன் வீறிட்டு அழுதான். காவலர் எடுத்துக்கொண்டதற்காக அழுகிறான் என்று நினைத்து அவன் அம்மா சமாதானம் செய்தார். "அது உள்ளே இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதும்மா" என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னதை வரிசையில் நின்ற எல்லாரும் கேட்டோம். அவன் அப்பாவுக்கோ முகம் சிவந்துவிட்டது. "அஞ்சு நாளா கூடவே சுத்துறாங்க, ஒருத்தர்கூடச் சொல்லலையே சார்" என்றார். காவலர் தம் கடமையைச் செய்தார். எல்லாவற்றையும் வாரிப் பக்கத்திலிருந்த பெட்டியில் போட்டார். அந்தப் பெட்டி ஏற்கெனவே முக்கால்வாசி நிறைந்திருந்தது.

அந்த அப்பா சொன்னது பொய்யில்லை என்று நான் நம்புகிறேன். என் உறவினர்களும் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் உள்ளவர்களும் உங்களில் பலர் மூலமாகப் போய் வந்திருக்கிறார்கள். புறப்படும் முன் அவர்களுக்கு வாட்சாப்பில் வந்த குறிப்புகளை நானே பார்த்திருக்கிறேன். எத்தனை கிலோ பெட்டி, குமட்டலுக்கு என்ன மாத்திரை, காலை உணவில் என்னென்ன, படம் எடுக்க எந்த இடம் என்று எல்லாம் விவரமாக இருந்தன. கரையிலிருந்து எதையும் எடுக்க வேண்டாம் என்ற ஒரு வரி மட்டும் இல்லை. அந்த வரி உள்ள ஒரு பக்கத்தைத் தமிழில் அச்சிட்டுப் பயணச்சீட்டோடு சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

சங்குக்குள் குடியிருக்கும் அந்த நண்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். மற்ற நண்டுகளைப் போல அதற்கு உடம்பு முழுவதும் ஓடு கிடையாது. பின்பாதி புழுவைப் போல மெத்தென்று இருக்கும். தனக்கென்று ஓடு செய்துகொள்ளவும் அதற்குத் தெரியாது. செத்துப்போன நத்தை விட்டுச் சென்ற கூட்டைத் தேடி எடுத்து அதற்குள் உடம்பைச் சுருட்டிக்கொள்ளும். வளர வளரப் பெரிய கூடு வேண்டும். பெரிய சங்கு ஒன்று கரையில் ஒதுங்கினால், நண்டுகள் அளவு வாரியாக வரிசையில் நின்று, பெரியது புதுக் கூட்டுக்குப் போனதும் அது விட்ட கூட்டில் அடுத்தது, அதற்கடுத்ததில் அடுத்தது என்று குடி மாறுவதும் உண்டு. இடது கொடுக்கு பெரிதாக இருக்கும். ஆபத்து என்றால் உடம்பை உள்ளே இழுத்து அந்தக் கொடுக்கால் வாசலை அடைத்துக்கொள்ளும். நாம் காலிச் சங்கு என்று பொறுக்கிப் பையில் போடுவது, அந்தக் கரையில் ஏதோ ஒரு நண்டு தேடிக்கொண்டிருக்கிற வீடு.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஹேவ்லாக்கின் காலாபத்தர் கடற்கரையில், அக்கா மகன் என்னைக் கூப்பிட்டு ஒன்றைக் காட்டினான். ஒரு நண்டு, நீல நிற ஷாம்பு மூடி ஒன்றை முதுகில் மாட்டிக்கொண்டு மணலில் போய்க்கொண்டிருந்தது. மூடி அதற்குப் போதவில்லை. பின்னுடம்பு பாதி வெளியே தெரிந்தது, அதில் மணல் ஒட்டியிருந்தது. எங்கள் நிழல் பட்டதும் வழக்கம்போல உள்ளே இழுத்துக்கொள்ளப் பார்த்தது. கொடுக்கு உள்ளே போகவில்லை. மறுபடி முயன்றது, மறுபடியும் போகவில்லை. அதன் அளவுக்கு ஒரு சங்கு கிடைக்குமா என்று நாங்கள் இருவரும் அந்தக் கரையில் அரை மணி நேரத்துக்கு மேல் தேடினோம். உடைந்த சில்லுகள்தான் கிடைத்தன. நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது சங்கு மிதிபடாமல் கரையில் நடக்க முடியாது. காணும் பொங்கலன்று கட்டுச்சோறும் கருவாட்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு சிடியாடாப்புக்குப் போவோம். மணலில் வட்டம் போட்டு இந்த நண்டுகளை ஓடவிட்டு, எது முதலில் கோட்டைத் தாண்டுகிறது என்று பந்தயம் கட்டுவோம். பொழுது சாயும்போது ஒவ்வொன்றையும் எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். "கடலுக்குப் போனா கையை வீசிக்கிட்டுத் திரும்பணும்" என்பது பாட்டி வைத்த சட்டம். ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்த அவருக்கு எந்த வனச்சட்டமும் தெரியாது.

உங்களுக்குத் தெரியும். பவளம் உயிரோடிருந்தாலும் செத்துக் கரை ஒதுங்கியிருந்தாலும் எடுத்துச் செல்லக் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் பவளங்களும் கடல் அட்டையும் 2001 முதல் இருக்கின்றன. அப்படியிருந்தும் நீல் தீவின் லட்சுமண்பூர் கரையில் நீர் வற்றும் நேரத்தில், கூட்டம் கூட்டமாகப் பவளத்தின் மேலேயே மிதித்து நடக்கிறார்கள். கடல் அட்டையையும் நட்சத்திர மீனையும் தூக்கிக் கையில் கொடுத்துப் படம் எடுக்கிறார்கள். அந்தப் படங்களே பிறகு விளம்பரங்களில் வருகின்றன. ராஸ் தீவின் மான்கள் சிப்ஸ் பொட்டலத்தைப் பொட்டலத்தோடு மெல்வதைப் பார்த்தேன். முதலை எச்சரிக்கைப் பலகைக்குப் பக்கத்தில் நின்று தற்படம் எடுத்த கையோடு குளிக்க இறங்குகிறார்கள். 2010இல் ஹேவ்லாக்கில் ஒரு சுற்றுலாப் பயணியை உப்புநீர் முதலை கொன்றது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இவற்றையெல்லாம்விட என்னைக் கொதிக்க வைப்பது வேறொன்று. பாரடாங் தீவுப் பயணத்தைப் பற்றி ஒரு விளம்பரத் தாளில் "வழியில் ஜாரவா மக்களைக் காணலாம்" என்று அச்சிட்டிருந்ததை இதே சென்னையில் என் கையில் வாங்கிப் படித்தேன். சில நூறு பேரே எஞ்சியிருக்கும் ஒரு பழங்குடி மக்கள் கூட்டம் அது. 1956ஆம் ஆண்டிலிருந்தே பழங்குடியினர் பாதுகாப்புக்கென்று தனி ஒழுங்குவிதி நடப்பில் உள்ளது. அவர்கள் வாழும் காட்டின் வழியே ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து வண்டிகளை அணிவகுத்துக் காவலோடு அனுப்புவதும், நிறுத்தவோ படம் எடுக்கவோ தடை இருப்பதும் உங்கள் ஓட்டுநர்கள் அறியாததா? வெளியாட்களோடு பழகத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, 1999இல், அவர்களுக்குத் தட்டம்மை பரவியது. மனிதர்களைக் காட்சிப் பொருளாக எழுதிய அந்த வரியை எடுத்துவிடுங்கள். இதில் கெஞ்சிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததற்கே திரும்புகிறேன்.

சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள் என்று நீங்கள் நினைக்கக்கூடும். வண்டூர் படகுத்துறையை நினைத்துப் பாருங்கள். 1983இல் அமைந்த கடல்சார் தேசியப் பூங்காவுக்கு அங்கிருந்துதான் படகு போகிறது. ஆறு மாதம் ஜாலி பாய் தீவு, ஆறு மாதம் ரெட் ஸ்கின் தீவு என்று மாற்றி மாற்றித்தான் திறக்கிறார்கள். ஏறும் முன்பே பைகளைப் பார்த்துப் பிளாஸ்டிக்கை எடுத்து வைத்துவிடுகிறார்கள். நம் ஊர் மக்கள்தான் அங்கும் வரிசையில் நிற்கிறார்கள். முணுமுணுத்தாலும் கேட்டு நடக்கிறார்கள். இங்கே பெசன்ட் நகரில் பாருங்கள். 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் கரை நெடுக நடந்து பங்குனி ஆமைகளின் முட்டைகளைக் காத்து வருகிறார்கள். மாசி, பங்குனி மாலைகளில் குஞ்சுகளைக் கடலில் விடும்போது, கயிற்றுக்கு இந்தப் பக்கம் குழந்தைகள் மூச்சுகூட விடாமல் நிற்பதை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அந்தக் குழந்தைகள்தான் கோடை விடுமுறையில் உங்களோடு விமானம் ஏறுகிறார்கள். முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அந்தப் பையன் அழுதிருக்க மாட்டான்.

தீவில் இருப்பவர்கள் சுற்றுலா வேண்டாம் என்று சொல்லவில்லை. என் அக்கா வீட்டுக்காரரே மகிழுந்து ஓட்டிப் பிழைப்பவர். கோடையில் குழாயில் நாள் விட்டு நாள் தண்ணீர் வரும் ஊரில், விடுதிகளுக்கு லாரியில் தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டும் அவர்கள் விருந்தினரைச் சிரித்த முகத்தோடுதான் வரவேற்கிறார்கள். பங்குனி உத்திரத்துக்கு வெற்றிமலை முருகன் கோயிலுக்குக் காவடி போகும்போது, வழியில் நிற்கும் உங்கள் பயணிகளுக்கும் மோர் கொடுக்கிறார்கள். அவர்கள் சார்பில் நான் கேட்பது ஒரு பக்கம்தான்.

அந்தப் பக்கத்தை எழுதும் வேலையைக்கூட உங்களுக்கு வைக்கவில்லை. அக்காவும் நானும் உட்கார்ந்து பதினொரு வரிகளில் எழுதி வைத்திருக்கிறோம். "சங்கு, கிளிஞ்சல், பவளம் எதையும் எடுக்க வேண்டாம், காலியாகத் தெரிவதையும் எடுக்க வேண்டாம்" என்பது முதல் வரி. யார் பெயரும் அதில் இல்லை. உங்கள் நிறுவனத்தின் பெயரையே போட்டுக்கொள்ளலாம். மழைக்காலம் முடிந்து அக்டோபரில் முன்பதிவுகள் சூடுபிடிக்கும் முன் அதை அச்சிட்டுக் கொடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கேட்பவர்களுக்கு நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
திருவான்மியூரில் வாழும் ஒரு போர்ட் பிளேர்க்காரி