மின் கட்டணம் யார் தலையில்?

ஆசிரியருக்கு,

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை அரசும் தனியாரும் சேர்ந்து நடத்தப்போவதாகச் செய்தி வந்தால், கட்ட எத்தனை கோடி என்பதுதான் கொட்டை எழுத்தில் வருகிறது. ஓட ஆரம்பித்தபின் மாதாமாதம் வரும் கரன்ட் பில்லைப் பற்றிப் பேச்சே இல்லை. இத்தனைக்கும் அந்த மின்சாரத்தில் பெரும்பாலும் பாதிக்கு மேல் ஒரே வேலைக்குப் போகிறது, தொட்டியில் இருக்கும் நுண்ணுயிர்களுக்குக் காற்று ஊதுவதற்கு.

பில் எவ்வளவு வந்தாலும் அரசே கட்டிவிடும் என்று ஒப்பந்தம் இருந்தால் நடத்துபவருக்கு என்ன கவலை? நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருந்தாலே பொதுவாகப் போதும், மீட்டர் 5 காட்டினாலும் காற்று ஊதும் புளோயர் முழு வேகத்தில் ஓடும், சென்சாரில் படிந்த அழுக்கைத் துடைக்கக்கூட யாரும் போகமாட்டார்கள். கசடிலிருந்து வரும் மீத்தேனில் மின்சாரம் எடுக்கும் எஞ்சின் பழுதானால் அப்படியே கிடக்கும், வாயுவை எரித்துவிட்டால் வேலை முடிந்தது. ஆஸ்திரியாவின் ஸ்ட்ராஸ் சுத்திகரிப்பு நிலையம் இந்த வாயுவை வைத்தே 2005லேயே தன் தேவைக்கு மேல் மின்சாரம் எடுத்துக் காட்டிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

சரி, முழுச் செலவையும் தனியாரே பார்த்துக்கொள்ளட்டும் என்றால்? யூனிட் விலை அவர் கையில் இல்லை, அதனால் அந்தப் பயத்தையும் சேர்த்து டெண்டரில் ஏற்றிப் போடுவார், அதையும் தாண்டி விலை ஏறினால் ராத்திரியில் புளோயரை நிறுத்தத் தோன்றும். பகலில் மாதிரி எடுப்பவர் பாட்டிலில் அது தெரியாமலே போகலாம்.

விலையையும் யூனிட்டையும் பிரித்துவிடலாமே. விலை ஏற்றம் அரசின் பொறுப்பு, எத்தனை யூனிட் என்பது நடத்துபவர் பொறுப்பு. டெண்டரில் அவரே எழுதிக்கொடுத்த அளவைத் தாண்டினால் அவர் பணம், மிச்சம் பிடித்தால் அவருக்கும் பங்கு. ஆனால் அந்த அளவை வெறும் லிட்டர் கணக்கில் வைத்தால் வம்புதான்: வீட்டு இணைப்புகள் முழுதாக வராத ஆரம்ப வருடங்களில் நீர் பாதிகூட வராது, பெரிய புளோயரை ஓர் அளவுக்குக் கீழே குறைக்கவும் முடியாது, லிட்டருக்கான யூனிட் எகிறும், மழைநீர் கலந்தாலோ ஒன்றும் செய்யாமலே குறையும். நீக்கிய பிஓடி (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜனை வைத்துக் கணக்கிடும் அழுக்கின் அளவு) கிலோவுக்கு இத்தனை யூனிட் என்று வைத்து, தொடக்க வருடங்களுக்குத் தனி அளவு தரலாம். அப்புறம், வெளியேறும் நீரின் தரம் 24 மணி நேரமும் பதிவாக வேண்டும், தரம் தவறிய மாதத்தில் சேமிப்புப் பங்கு கிடையாது.

அடுத்த ஒப்பந்தச் செய்தியில் மின் கட்டணம் பற்றிய ஷரத்து என்ன சொல்கிறது என்று உங்கள் நிருபர் கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

– ஒரு வாசகர்