பழசு என்பதற்காக அனுப்பாதே

கோத்தகிரி

அன்புள்ள நண்பா,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. கொழுந்து தள்ளிக்கொண்டு வருகிறது, பறிக்க ஆள் இல்லை. ஆள் கிடைக்கும் வாரத்தில் விலை இறங்கிவிடுகிறது. கேரட் பாத்திக்குக் காட்டுமாடு வந்து பழகிவிட்டது. உங்கள் கொடைக்கானலிலும் அதே தொல்லைதான் என்று உன் வீட்டுத் தங்கச்சி போனில் சொன்னாள்.

உன் மகன், நம் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். மேனேஜ்மென்ட் படிக்க ஸ்காட்லாந்தில் இருக்கிற எடின்பரோ யுனிவர்சிட்டிக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான், ஏன் அங்கே என்று கேட்டால் "நானூறு வருஷத்துக்கு மேல் பழைய யுனிவர்சிட்டிப்பா" என்கிறான் என்று எழுதியிருந்தாய். என் மூத்தவள் அங்கே படித்தவள் என்பதால் என்னைக் கேட்கிறாய்.

பழசுதான். 1582-இல் ஆறாம் ஜேம்ஸ் ராஜா சாசனம் கொடுத்து, அடுத்த வருஷம் பாடம் தொடங்கியிருக்கிறார்கள். ஊர் நகரசபை முன்னின்று ஆரம்பித்த காலேஜ் அது. பட்டமளிப்பு நடக்கிற மண்டபம் ஒரு பீர் ஆலை முதலாளியின் காசில் எழும்பியது. அங்கே பட்டம் வாங்குகிறவர் தலையில் ஒரு பழைய தொப்பியால் தட்டுவார்கள். ஜான் நாக்ஸ் என்ற மதச் சீர்திருத்தக்காரரின் கால்சட்டைத் துணியில் தைத்தது என்று அதற்கு ஒரு கதை உண்டு. இதை நான் சொன்னதும் என் அம்மா, "இவ்வளவு செலவு பண்ணி அதுக்கா போனா?" என்றாள்.

இன்னொன்றும் தம்பிக்குச் சொல். டார்வின் 1825-இல் அங்கே டாக்டருக்குப் படிக்கப் போனவர். வகுப்புகள் பிடிக்காமல் இரண்டு வருஷத்தில் விட்டுவிட்டார். ஆனால் அதே ஊரில் ஜான் எட்மன்ஸ்டன் என்பவரிடம் காசு கொடுத்து, செத்த பறவைகளைக் கெடாமல் பாடம் செய்யக் கற்றுக்கொண்டார். எட்மன்ஸ்டன் கயானாவில் அடிமையாக இருந்து விடுதலையானவர். பிற்பாடு கப்பலில் போனபோது டார்வினுக்குக் கைகொடுத்தது அந்த வித்தை.

என் மகள் அங்கே போனது தாவர வகைப்பாடு படிக்க. பல்கலைக்கழகமும் அரச தாவரவியல் தோட்டமும் சேர்ந்து நடத்துகிற ஒரு வருஷ எம்.எஸ்ஸி. அந்தத் தோட்டம் 1670-இல் ஆரம்பித்தது, அதன் ஹெர்பேரியத்தில், அதாவது காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கிற இடத்தில், சுமார் 30 லட்சம் தாள்கள் இருக்கின்றன. ராபர்ட் வைட் என்று ஒரு டாக்டர், எடின்பரோவில் படித்துவிட்டு 1819-இல் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்துக்கு மதராஸ் வந்தவர், கோவையிலும் நம் மலையிலும் அலைந்து செடிகளைச் சேகரித்து 1853-இல் ஊர் திரும்பினார். அவர் சேர்த்ததில் ஒரு பகுதி அங்கே இருக்கிறது. அவருக்குப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்று இரண்டு பேர், நம் பக்கத்து ஓவியர்கள். அந்தக் காலத்தில் வரைந்தவன் பெயரை யார் போட்டார்கள்? வைட் போட்டார். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைத்தார். அந்தப் பெயர் இப்போது வழக்கில் இல்லை, அது வேறு பேரினத்தில் சேர்ந்துவிட்டது. எனக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.

அவள் எடுத்துக்கொண்டது காசித்தும்பை வகைகள். குஞ்சப்பனை வழியாக மழைக்காலத்தில் மேலே வரும்போது பாறை ஓரத்தில் சொட்டச் சொட்ட நிற்குமே, அந்தக் குடும்பம். அதில் ஒரு சிக்கல். பூ அவ்வளவு மெல்லிசு. அழுத்திக் காயவைத்தால் எந்த இதழ் எங்கே இருந்தது என்றே தெரியாமல் ஒட்டிப்போகும். தாளை மட்டும் வைத்துக்கொண்டு இனம் பிரிப்பது பெரிய பாடு. அங்கேதான் நம் ஓவியர்கள் வருகிறார்கள். பூ வாடுவதற்கு முன்னால் பார்த்து வரைந்தவர்கள் ஆயிற்றே, தாளில் நசுங்கிப்போனது படத்தில் நிற்கிறது. மிச்சத்துக்கு உயிரோடு இருக்கிற செடியைப் பார்க்க வேண்டும், அது இங்கேதான் இருக்கிறது. அதனால் இப்போது அவள் கோத்தகிரியில், மழைக்கோட்டும் லென்ஸுமாக அட்டைக்கடி வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

பழமைக்கு நான் மரியாதை கொடுப்பது இந்த ஓர் இடத்தில்தான். நூற்று எழுபது, எண்பது வருஷமாக ஒரு காய்ந்த செடியைப் பூச்சி அரிக்காமல், ஈரம் ஏறாமல், தலைமுறை மாற்றி யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். அது புதிதாகக் கட்டின இடத்தில் கிடைக்காது. ஆனால் தம்பி படிக்கப்போகும் பாடத்துக்கு அப்படி எந்த அலமாரி அங்கே இருக்கிறது? அங்கே மேனேஜ்மென்ட் மோசம் என்று நான் சொல்லவில்லை. 1583-க்கும் அவனுடைய பாடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேள், அவ்வளவுதான்.

இவளும் நேரே விமானம் ஏறிவிடவில்லை. கோவை வேளாண் பல்கலை வளாகத்தில் இருக்கிற மெட்ராஸ் ஹெர்பேரியத்தில் உட்கார்ந்து தாள்களைப் புரட்டிய பிறகுதான், இங்கே கிடைக்காதது எது, அங்கே இருப்பது எது என்று அவளுக்கே புரிந்தது. விண்ணப்பத்தில் எழுதவும் விஷயம் இருந்தது.

பணம் பற்றிக் கேட்டிருந்தாய். ஃபீஸ் துறைக்குத் துறை மாறும், வெப்சைட்டில் பார்த்துக்கொள். அதற்கு மேல் மருத்துவக் கட்டணம் என்று ஆண்டுக்கு 776 பவுண்டு முன்கூட்டியே வாங்கிவிடுகிறார்கள். விசாவுக்குக் காட்டுகிற தொகை 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும், ஒரு நாள் குறைந்தாலும் தள்ளிவிடுவார்கள். ஊரெல்லாம் புரட்டிக் கடைசி நேரத்தில் போடுகிற வேலை அங்கே நடக்காது. பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், அதில் சாப்பாட்டுச் செலவு ஏதோ ஓடும், கடன் அடையாது. படித்து முடித்து இரண்டு வருஷம் அங்கேயே இருக்கலாம் என்று ஏஜென்ட் சொல்லுவான். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிற எம்.எஸ்ஸி., எம்.பி.ஏ. பிள்ளைகளுக்கு அது 18 மாதம்தான். கடன் வாங்கும்போது அந்தக் கணக்கைப் போடு, பூண்டு விலையை நம்பிப் போடாதே.

குளிரைப் பற்றித் தங்கச்சி பயப்பட வேண்டாம். நம் பிள்ளைகள் உறைபனி பார்த்து வளர்ந்தவர்கள். இருட்டுதான் படுத்தும். டிசம்பரில் சாயங்காலம் நாலு மணிக்கு முன்னாலேயே சூரியன் போய்விடும். இவள் அந்த ஒரு மாதம் போனில் எரிந்து விழுந்துகொண்டே இருந்தாள். ஊர் நடுவே ஒரு மலை, ஏறிப் பார்த்தேன் என்றாள். 251 மீட்டராம்! நம் தொட்டபெட்டாவைப் பார்த்தவளுக்கு அது மேடு.

அரைப்பரீட்சை லீவில் தம்பியை இங்கே அனுப்பு. நீ சொன்னால் அப்பா பேச்சு, நான் சொன்னால் பெரியப்பா பேச்சு, இரண்டும் காதில் ஏறாது. இவளோடு நாலு நாள் சோலைக்குள் சுற்றட்டும். அவள் ஒன்றுதான் கேட்பாள், "அங்கே போய் யாரிடம் என்ன கற்றுக்கப்போறே?" என்று. ஒரு பேராசிரியர் பெயரோ ஒரு பாடத்தின் பெயரோ சொல்லிவிட்டால், நிலப் பத்திரத்தோடு பேங்குக்கு நானே உன்கூட வருகிறேன்.

வரும்போது மலைப்பூண்டு இரண்டு கிலோ கொடுத்துவிடு. போன தடவை தங்கச்சி அனுப்பியதை அம்மா யாருக்கும் கொடுக்காமல் ஒளித்து வைத்துக்கொண்டாள்.

உன் பழைய ரூம்மேட்