மேகதாது: மூழ்கப்போகும் காட்டையும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பெங்களூருக்குக் குடிநீர் வேண்டும் என்று சொல்லி, காவிரியின் குறுக்கே கர்நாடகம் கட்ட நினைக்கும் மேகதாது அணை பற்றிய செய்தி எப்போது வந்தாலும் டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) கணக்கோடு முடிந்துவிடுகிறது. கர்நாடகம் ஆண்டுதோறும் தமிழ்நாட்டுக்குத் திறந்துவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொன்ன 177.25 டி.எம்.சி. தண்ணீர் டெல்டா விவசாயிகளின் உயிர்ப் பிரச்சினை. அதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த அணைக்குள் மூழ்கப்போகும் காட்டைப் பற்றி நம் பத்திரிகைகள் போதுமான அளவு எழுதுவதில்லை என்பது பென்னாகரத்துக்காரனான எனக்கு நீண்ட நாள் மனக்குறை.

அணை வந்தால் ஏறக்குறைய 5,000 ஹெக்டேர் காடு தண்ணீருக்குள் போகும். அதில் 3,000 ஹெக்டேருக்கு மேல் கர்நாடகத்தின் காவிரி வனவிலங்கு சரணாலயத்தைச் சேர்ந்தது. கோடையில் மேட்டுக்காட்டுக் குட்டைகள் வற்றியதும் யானைகள் இறங்கி வருவது இந்த ஆற்றங்கரைக்குத்தான். கரையோர மருத மரங்களை நம்பி சாம்பல் நிற மலை அணில் வாழ்கிறது. முதுகில் திமில் போலப் புடைத்த மகசீர் மீன் காவிரிப் படுகையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாக 2018-ல் அதை, அழியும் உயிரினங்களுக்கான உலகச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். பாறைக்கு நடுவே ஓடும் தண்ணீரில் வளரும் மீன், தேங்கிய நீரில் எப்படிப் பிழைக்கும்? தமிழ்நாடு அரசு 2022-ல் அறிவித்த காவிரி தெற்கு சரணாலயம் அந்தக் காட்டின் தொடர்ச்சிதான். யானைக்கு மாநில எல்லை ஏது?

பெங்களூருக்குக் குடிநீர் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துத் தண்ணீரைக் குடிப்பவன் மறுக்கவும் கூடாது. ஆனால் குடிப்பதற்கென்று கேட்பது 4.75 டி.எம்.சி., தேக்கக் கேட்பதோ 67 டி.எம்.சி. பெங்களூருக்கான காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டத்தில் 2024 அக்டோபர் முதல் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாகக் கொண்டுபோக வழி செய்துவிட்டார்களே! அதற்குப் புது அணை எதுவும் கட்டவில்லை.

இன்னொன்று, எனக்கு மிகவும் வலிப்பது. மேகதாதுவுக்குச் சற்று மேலே காவிரியில் சேரும் அர்க்காவதி, பெங்களூருக்கே குடிநீர் கொடுத்த ஆறு. ஹெசரகட்டாவும் திப்பகொண்டனஹள்ளியும் அதன் நீர்த்தேக்கங்கள். அந்த ஆற்றின் ஏரிகளும் ஓடைகளும் அடைபட்டு, கழிவு கலந்து, நகரம் அதைக் கைவிட்டது. இன்று பெங்களூரின் சாக்கடையைச் சுமக்கும் விருஷபாவதி அர்க்காவதியில்தான் விழுகிறது. மேகதாதுவில் அணை கட்டினால் அந்தக் கழிவும் சேர்ந்தே தேங்கும். காட்டை மூழ்கடிப்பதற்கு முன் அர்க்காவதியை மீட்கட்டும். அதற்கு எந்த மாநிலத்தின் சம்மதமும் தேவையில்லை.

தமிழ்நாடு அரசும் தன் வாதங்களில் இந்தக் காட்டை உரக்கச் சொல்ல வேண்டும். அடுத்த முறை மேகதாது செய்தி வெளியிடும்போது, நீர்ப் பங்கீட்டு அட்டவணைக்குப் பக்கத்திலேயே மூழ்கும் காட்டின் வரைபடத்தையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.